பாட்டைப் படமாக்கியவர்களுக்கும் பேர் உண்டு

நியூயோர்க்கில் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்றால் எங்கள் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை. செப்டெம்பர் மாதத்தில் அந்த நேரம் டச்பே கடற்கரைப் பக்கம் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். பாண் ஓட்டோ தன் வழமையான மெட்டோடு முதல் சுற்றுக்குக் கிளம்பியிருக்கும். அமெரிக்க இசை அலைவரிசையான எம்.டி.வி. நடத்துகிற வீடியோ மியூசிக் அவார்ட்ஸ் பல ஆண்டுகளில் இந்த நேரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. மியூசிக் வீடியோக்களுக்கென்றே 1984 இலிருந்து வருடாவருடம் தொலைக்காட்சியில் நடக்கிற விருது விழா அது. நான் அதை விடாமல் பின்தொடர்கிறவன். நேரடியாகப் பார்க்க வழியில்லாத வருடங்களில் அடுத்த நாள் துண்டு துண்டாக யூடியூபில் பார்த்துவிடுவேன்.

"கோணேசர் மலையடியில இருந்துகொண்டு உனக்கு ஏன் இந்த அமெரிக்க விழா?" என்று வீட்டில் கேட்பார்கள். யார் என்ன உடுப்பில் வந்தார்கள், யாரோடு யார் சண்டை என்பதற்காக நான் பார்ப்பதில்லை. அந்த விழாவில் பாடகர்களுக்குக் கொடுக்கிற விருதுகளோடு, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், கலை, நடனம், விசேஷக் காட்சி அமைப்பு என்று கமராவுக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்கும் தனித்தனி விருது இருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே இருக்கிறது. எனக்கு அந்த விழா பெரிதாகப் படுவது அதனால்தான். எங்கள் ஊர்ப் பெடியள் எடுக்கிற பாட்டு வீடியோக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் விழா 1984 செப்டெம்பர் 14 இல் நியூயோர்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹோலில் நடந்தது. விருதாகக் கொடுத்தது கொடியோடு நிற்கிற ஒரு விண்வெளி வீரர் சிலை. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியபோது, சந்திரனில் மனிதன் இறங்கிய படத்தை எடுத்து, கொடி இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் சின்னத்தை வைத்துக் காட்டினார்கள். சிலை அதிலிருந்து வந்தது. அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மடோனா கலியாண உடுப்பில் வந்து மேடைத் தரையில் உருண்டு பாடியதைச் சொல்வார்கள். மைக்கல் ஜாக்சனின் ஏறக்குறைய 14 நிமிட 'திரில்லர்' இருந்தும், ஆண்டின் சிறந்த வீடியோ விருது 'த கார்ஸ்' குழுவுக்குப் போனதைச் சொல்வார்கள். ஆனால் அன்றிரவு ஆகக் கூடுதலான விருதுகளை எடுத்தது இவர்கள் யாரும் இல்லை. கறுப்பின ஜாஸ் கலைஞர் ஹேர்பி ஹேன்கொக்கின் 'ராக்கிட்' வீடியோ ஐந்து விருது எடுத்தது.

அந்த வீடியோவை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒரு வீட்டுக்குள் இயந்திர மனிதர்கள். தலையில்லாமல் கால்கள் மட்டும் நடக்கின்றன. கட்டிலில் ஒரு உருவம் போர்வைக்குள் துள்ளுகிறது. எல்லாம் தாளத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். இசைத்தட்டு பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்கிற அதே நொடியில் உருவத்தின் கழுத்தும் பின்னுக்கு இழுபடும். பாட்டுக்குச் சொந்தக்காரரான ஹேன்கொக் அந்த வீட்டில் இருக்கிற ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டும்தான் வருவார். அந்த ஆண்டுகளில் எம்.டி.வி. கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்களை மிகக் குறைவாகவே போட்டது. 1983 இல் பிரித்தானியப் பாடகர் டேவிட் போவி, எம்.டி.வி. நேர்காணலில் உட்கார்ந்தபடியே, கேள்வி கேட்க வந்த மார்க் குட்மனிடம் ஏன் இப்படி என்று திருப்பிக் கேட்டது பதிவில் இருக்கிறது. அப்படியொரு காலத்தில் வந்த இந்த வீடியோவுக்குக் கிடைத்த ஐந்தில் கருத்தாக்கம், விசேஷக் காட்சி, கலை, எடிட்டிங் எல்லாம் அடங்கும். அதாவது உருவாக்கியவர்களின் வேலைக்கு. இயக்கியவர்கள் கெவின் கோட்லியும் லோல் கிரீமும். அந்த இயந்திர மனிதர்களைச் செய்தவர் ஜிம் வைட்டிங். எனக்கு இந்தப் பேர்கள் எல்லாம் தெரிவதற்குக் காரணம், ஒரு விழா அந்த வேலைகளுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியதுதான்.

எங்களுக்குப் பேர் சொல்லும் பழக்கம் தெரியாததில்லை. எங்கள் வீடுகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பாட்டைப் போட முன்னம் பாடியவர் யார், இசை யார், எழுதியவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அம்மா இன்றைக்கும் பழைய பாட்டின் முதல் வரி கேட்டதும் பாடலாசிரியர் பேரைச் சொல்லுவார். அவர் பாட்டுப் புத்தகம் வாங்கிப் படித்தவர் இல்லை, எல்லாம் அறிவிப்பாளர்கள் காதில் போட்டது. பாட்டு காதிலிருந்து கண்ணுக்கு வந்தபோது அந்தப் பழக்கம் கூட வரவில்லை. ஒளிப்பதிவு செய்தவர் பேரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சின்ன வயதில் எனக்கு அந்த விழா கசற்றில் வந்தது. வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வந்தால், சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் ரீவியில் பிடித்த வீடியோக் கசற்றும் பெட்டிக்குள் இருக்கும். லண்டன் மாமாவின் கசற் எங்கள் டெக்கில் ஒழுங்காக ஓடும். கனடாவில் இருந்து பெரியம்மா கொண்டுவந்தது கறுப்பு வெள்ளையாகி, படம் மேலே மேலே உருண்டுகொண்டே இருக்கும். அங்கே ரீவிக்கு என்.டி.எஸ்.சி. என்ற முறை, இங்கேயும் லண்டனிலும் பால் (PAL) என்ற வேறு முறை என்ற விளக்கம் பிறகுதான் தெரியவந்தது. அந்த லண்டன் கசற்றில்தான் முதன்முதலாக, ஒரு பாட்டுக்கு விருது என்று அறிவிக்கும்போது பாடியவரை விட்டுவிட்டு வெட்டி ஒட்டியவர் பேரை வாசித்ததைக் கேட்டேன். எடிட்டர் என்று ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கும் கை தட்டுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புதுச் செய்தி.

எம்.டி.வி. இலும் இது ஒரே நாளில் வந்ததில்லை. வீடியோ தொடங்கும்போதும் முடியும்போதும் திரையின் இடது கீழ் மூலையில் பாடகர், பாட்டு, அல்பம், கம்பனி என்று எழுத்து வருமே, அதில் இயக்குநர் பேரைச் சேர்த்தது 1992 இன் கடைசியில்தான். விருது கொடுக்கத் தொடங்கி எட்டு வருடம் கழித்து! அந்த ஒரு வரி வந்த பிறகு, வீடியோவை யார் எடுத்தது என்று பார்த்துத் தேடுகிற ஒரு கூட்டம் உருவானது. டேவிட் ஃபிஞ்சர், ஸ்பைக் ஜோன்ஸ், மிஷெல் கோன்ட்ரி எல்லாரும் பாட்டு வீடியோக்களில் பேர் எடுத்துத்தான் பெரிய படங்களுக்குப் போனார்கள்.

பாடகர் பீற்றர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்' 1987 இல் ஒரே இரவில் ஒன்பது விருது எடுத்தது. ஒரு வீடியோ ஒரே விழாவில் எடுத்த விருதுகளில் அதுதான் சாதனை. இயக்கியவர் ஸ்டீபன் ஜோன்சன். களிமண் அசைவு வேலைக்கு ஆர்ட்மன் நிறுவனம் வந்தது. ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். பழங்களைக் கொஞ்சம் நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, திரும்ப நகர்த்துவது. அதற்காகக் கேப்ரியல் ஒரு கண்ணாடித் தட்டுக்குக் கீழே 16 மணித்தியாலம் அசையாமல் கிடந்தாராம். 1991 இல் ஆர்.ஈ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' ஆண்டின் சிறந்த வீடியோவானதோடு இயக்கத்துக்கும் விருது பெற்றது. இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த டார்செம் சிங். அந்த வீடியோவைப் பார்க்கும்போது நம் கடைகளில் தொங்குகிற சாமிப் படக் கலண்டர் ஞாபகம் வராமல் இருக்காது. அமெரிக்கக் குழுவின் பாட்டுக்குள் அந்த நிறங்களைக் கொண்டுபோய் வைத்தவர் யார் என்பது தெரியாமல் போயிருந்தால் அது எவ்வளவு பெரிய நட்டம்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன்.

திருமலையில் பாட்டு வீடியோ எடுக்கிற பெடியள் பெரும்பாலும் கலியாண வீடியோக்காரர்கள்தான். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் கொடியேற்றம், தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காகச் செத்த வீட்டு நேரடி ஒளிபரப்பு. இதுதான் சாப்பாட்டுக்கான வேலை. இரண்டு கலியாணத்துக்கு இடையில் கிடைக்கிற நாட்களில் பாட்டு எடுக்கிறார்கள். சொந்தக் கமரா ஒன்று இருந்தால் லென்ஸ் இன்னொருவரிடம் இரவலாக வரும், கமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல் ஒருநாள் வாடகைக்கு வரும். ட்ரோன் என்றால் அனுமதி எடுக்க வேண்டும், அதிலும் கடற்படைத் தளம் பக்கத்தில் இருக்கிற ஊர் இது, நினைத்த இடத்தில் மேலே விட முடியாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை திருமலை மாதிரி இடம் கிடைக்காது. ஊரின் ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உள்துறைமுகம். உப்புவெளியிலோ டச்பேயிலோ சூரியன் கடலிலிருந்து எழும்பும். அதே நாள் பின்னேரம் உள்துறைமுக வீதிக்குப் போனால் அசையாத தண்ணீருக்கு மேலே இறங்கும். விடியலும் அந்தியும் இரண்டும் தண்ணீரில், இடையில் நடக்கிற தூரம். இதைத் தெரிந்த கமராக்காரர் ஒரே நாளில் ஒரு பாட்டை முடித்துவிடுவார். ஆனால் காலை எட்டு மணிக்குப் பிறகு வெயில் முகத்தில் அறையும், மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கார்த்திகை மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் கடலும் எதையும் எடுக்க விடாது.

அண்மையில் டச்பேயில் ஒரு படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாடுகிற தம்பி வெள்ளை சேட்டோடு அலைக்கரையில் நடக்க வேண்டும். திரையில் அந்த நடை மெதுவாக வர வேண்டும், வாயசைவு மட்டும் பாட்டோடு சரியாக நிற்க வேண்டும். அதற்குப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே வாயசைத்து, நொடிக்கு இரண்டு மடங்கு பிரேம் எடுத்து, பிறகு பாதி வேகத்தில் ஓட்டுவார்கள். புளூடூத் பெட்டியில் பாட்டு கீச்சுக்குரலில் பறக்கிறது. தம்பி மூச்சு விட இடமில்லாமல் சொற்களைப் பிடிக்கிறார். கமராக்காரர் முழங்காலளவு தண்ணீரில் பின்னுக்கு நடக்கிறார். அவர் இடுப்புப் பட்டியை ஒரு பெடியன் இரண்டு கையாலும் பிடித்தபடி, அலை வரும்போது மட்டும் இழுத்து நிறுத்துகிறான். கரைவலை இழுத்து முடித்துவிட்டு வந்து நின்ற ஒருவர், "தம்பி, பாட்டு ஏன் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது?" என்று கேட்டார். கமராக்காரர் கண்ணை எடுக்காமலேயே, "இப்ப இப்பிடித்தான் அண்ணை, படத்திலை ஆறுதலா வரும்" என்றார்.

நாலாம் வரியில் தம்பிக்கு ஒரு எழுத்துப் பிசகியது. எனக்குக் கேட்கவேயில்லை. கமராக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அந்த 'ழ' வரேல்ல, குளோஸ்அப்பிலை தெரியும், திரும்ப எடுப்பம்." சூரியன் ஏறிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான். இருந்தும் திரும்ப எடுத்தார்கள். இப்படி ஒரு கவனத்துக்குத்தான் நியூயோர்க்கில் சிலை கொடுக்கிறார்கள்.

அந்தப் பாட்டு வெளிவந்தபோது போய்ப் பார்த்தேன். வீடியோவின் தொடக்கத்தில் பணம் போட்ட வெளிநாட்டு உறவினர் பேர், பெரிய எழுத்தில். பிறகு பாடகர் பேர். கமராக்காரர் பேர் யூடியூபில் கீழே 'மேலும்' என்பதை அழுத்தினால் வருகிற பட்டியலில், அனுசரணையாளர்களுக்கும் நன்றிகளுக்கும் பிறகு. எடிட் செய்தவர் பேர் அங்கேயும் இல்லை. அலையில் இடுப்புப் பட்டியைப் பிடித்தவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காசு போட்டவர் பேர் வரத்தான் வேண்டும், அவர் இல்லாமல் பாட்டே இல்லை. மற்றவர்கள் பேரும் அதே திரையில் வந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

பாட்டு வெளியீட்டு விழாக்களும் அப்படித்தான். ஒரு வெளியீட்டுக்குப் போயிருந்தேன், எது என்பது இங்கே தேவையில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, பிரதம அதிதிக்குப் பொன்னாடை, சிறப்பு அதிதிக்குப் பொன்னாடை, முன்வரிசையில் இருந்த எல்லாருக்கும் பொன்னாடை. பாட்டைத் திரையில் போடுகிற நேரம் புரொஜெக்டர் மக்கர் பண்ணியது. மேடையின் ஓரத்தில் நிலத்தில் குந்தியிருந்த ஒரு தம்பி, வயரைப் பிடுங்கி மாற்றி, லப்டொப்பை மடியில் வைத்து ஓட்டிக் காட்டினான். அந்தப் பாட்டை எடிட் செய்ததே அவன்தான். விழா முடியும்வரை அவன் பேர் ஒலிவாங்கியில் வரவில்லை. வெளியில் வந்தபோது, ஏன் நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "விடுங்கோ அண்ணை, பேர் போட்டா மட்டும் ஆர் பாக்கிறது?" என்றான். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லப் பழகியிருக்கக் கூடாது.

யார் பார்ப்பார்கள் என்றால், ஒரு உதாரணம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. என்ற பாடகி. லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, பிறகு தாயோடு லண்டனுக்குத் திரும்பியவர். 2012 செப்டெம்பர் 6 இல் லொஸ் ஏஞ்சலிசில் நடந்த விழாவில் அவருடைய 'பேட் கேர்ள்ஸ்' ஆண்டின் சிறந்த வீடியோவுக்கான போட்டியில் இருந்தது. அந்த விருது ரிஹானாவுக்குப் போனது. 'பேட் கேர்ள்ஸ்' எடுத்தது இரண்டு: இயக்கத்துக்காக ரொமெயின் கவ்ராஸ், ஒளிப்பதிவுக்காக ஆந்த்ரே ஷெமெட்டோஃப். மொரோக்கோ நாட்டுப் பாலைவன வீதியில் எடுத்தது. கார் இரண்டு சில்லில் சரிந்து ஓடுகிறது, அதன் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு எம்.ஐ.ஏ. ஆறுதலாக நகத்தை அராவுகிறார். சவூதியில் பெண்கள் கார் ஓட்ட முடியாமல் இருந்த காலம் அது, அந்தத் தடை 2018 இல்தான் நீங்கியது. ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டுக்கு விருது என்று எங்களில் பலர் அன்றைக்குப் பெருமைப்பட்டோம். விருதுச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. அந்த நகத்தையும் சில்லையும் தூசியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டியதற்குத்தான் விருது.

அந்த விழாவைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அண்மைக் காலமாக இந்தத் தொழில் விருதுகளில் பலவற்றை நேரடி ஒளிபரப்பு மேடையில் கொடுப்பதே இல்லை. பேர்களை வெளியில் அறிவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேடை முழுவதும் நட்சத்திரங்களுக்கு. 2009 இல் டெய்லர் சுவிஃப்ட் விருது வாங்கும்போது கன்யே வெஸ்ட் ஏறி ஒலிவாங்கியைப் பறித்ததை உலகமே தெரிந்து வைத்திருக்கிறது, அந்த வருடம் ஒளிப்பதிவுக்கு யார் வாங்கினார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. முக்கிய விருதுகள் ரசிகர் வாக்கில் தீர்கின்றன, ஆகவே பெரிய ரசிகர் படை உள்ளவர்கள் பக்கம்தான் சாயும். எம்.டி.வி. இலேயே பாட்டு வீடியோ ஓடுவது அரிதாகி, 2025 விழாவை சி.பி.எஸ். அலைவரிசையிலும் சேர்த்துக் காட்டினார்கள். தொழில்முறை விருதுகளைத் துறையில் இருப்பவர்கள் தெரிவு செய்கிற முறை மட்டும் இன்னும் நிற்கிறது. அதுவும் போய்விட்டால் அந்த விழாவைப் பார்க்க எனக்குக் காரணம் இருக்காது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், திருமலையிலும் பாட்டு வீடியோக்களுக்கு ஒரு விருது இரவு வைக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே பெடியளிடம் அடிக்கடி வருகிறது. நல்ல எண்ணம், நடக்க வேண்டும். ஆனால் பேச்சு எடுத்தவுடனேயே பிரதம அதிதி யார், இந்தியாவிலிருந்து எந்த நடிகரைக் கூப்பிடலாம், அதிகம் பார்க்கப்பட்ட பாட்டு எது என்றுதான் போகிறது. அதிகம் பார்க்கப்பட்டதற்கு விருது எதற்கு? அது ஏற்கெனவே பார்க்கப்பட்டுவிட்டது.

முதலில் பிரிவுகளைத் தீர்மானிக்கட்டும். ஒளிப்பதிவு, எடிட்டிங், நடனம், கலை, நிறத்திருத்தம். எங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்ப்பதானால், இயற்கை வெளிச்சத்தை மட்டும் வைத்து எடுத்த சிறந்த காட்சி. லைட் வாடகைக்கு எடுக்கக் காசில்லாத ஒரு பெடியன் உள்துறைமுகத்து அந்தியை நம்பி எடுத்ததும் அதில் போட்டியிடலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் நல்ல வேலை செய்கிறார்கள், அழைப்பு அவர்களுக்கும் போக வேண்டும். பெண் பிள்ளைகள் நடனம் அமைக்கிறார்கள், உடுப்புத் தெரிவு செய்கிறார்கள், வீட்டில் இருந்து எடிட்டும் பண்ணுகிறார்கள். வீட்டுக்காரர் பேசுவார்கள் என்று சில பேர் தங்கள் பேரைப் போட வேண்டாம் என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மேடையில் மரியாதையாக ஒருமுறை பேர் வாசிக்கப்பட்டால் வீட்டிலும் பேச்சு மாறும்.

நடுவர்கள் வெளியூரில் இருந்து வரட்டும், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு எங்கிருந்தாவது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் மச்சான், உள்ளூர் ஆளை நடுவராகப் போட்டால் அவர் பிறகு கடைத்தெருவில் நடமாட முடியாது. நடுவர்களில் ஒருவராவது எடிட்டிங் மேசையில் இருந்து வேலை செய்தவராக இருக்க வேண்டும். பாட்டு நல்லா இருக்கிறது என்பதும் வெட்டு நல்லா இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று அவருக்குத்தான் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

மண்டபம், திகதி, பொன்னாடை எல்லாம் பிறகு பார்க்கலாம். விண்ணப்பப் படிவத்தை இப்போதே தயாரிக்கலாம், அதற்குச் செலவில்லை. வேலை செய்த ஒவ்வொருவர் பேரும் வீடியோவின் உள்ளேயே, திரையில், வாசிக்கிற அளவு எழுத்தில் ஐந்து செக்கனாவது வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீடியோவைப் போட்டிக்கு எடுப்பதில்லை என்று முதல் நிபந்தனையாகப் போட்டுவிடுங்கள். இப்படி ஒரு விதி இருந்தால் விழா நடக்க முன்னமே அடுத்த பாட்டிலிருந்து பேர்கள் வரத் தொடங்கும். படிவத்தை எழுதித் தர நான் ஆயத்தம். கரைவலைக்காரர் தோணியை நகர்த்தி உதவி செய்திருந்தால் அவர் பேரை எங்கே போடுவது என்பதில் மட்டும் பெடியளுக்குள் இன்னும் முடிவில்லை. நன்றி என்று போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். கலைப் பிரிவில்தான் போட வேண்டும் என்பது என் பக்கம்.